இறகு உரித்த அம்பு

மேம்பாலத்தின் நிழல் எங்கே விழுந்ததோ அங்கே நடந்துகொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி எனக்குப் பின்னால் இருந்தது. சர்வீஸ் ரோட்டில் கம்பெனி கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்துகொண்டிருந்தன. எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில் நான் வேலையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு அபார்ட்மெண்டின் வாசலில் செக்யூரிட்டி வேலை. காலையில் உடுப்பை மடித்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கார்களுக்குக் கம்பி தூக்குவது என் உடம்புக்கு வரவில்லை, அவ்வளவுதான். எட்டாவது பாதியில் பள்ளியை விட்டதிலிருந்து இப்படித்தான். ஓசூரில் கோழிப்பண்ணை, பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டிக் கம்பெனி, பி.ஜி. ஹாஸ்டல் சமையலறை என்று எத்தனையோ இடம். எதிலும் ஒட்டாதவன் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். இந்த முறையும் அதே எண்ணம்தான் கூடவே நடந்து வந்தது: எனக்குள்ளேயே ஏதோ கோளாறு, இனி எந்த இடத்திலும் தேறமாட்டேன்.

தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் அடங்காமல் ஒரு கார்பன் அம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் குழாய், ஒரு முனையில் இரும்பு, மறுமுனையில் இறகு ஒட்டியிருந்த தடம் மட்டும். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து டிவி ஆன்டெனாவா என்று கன்னடத்தில் கேட்டார். அம்பு என்றேன். அப்படியானால் வில் எங்கே என்றார். வில் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.

அந்த அம்பைக் கொடுத்தவர் ஒரு நர்ஸ். பி.ஜி. ஹாஸ்டல்களுக்குப் பின்னால் காலி மனை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒருவர் வில் பயிற்சி மைதானம் நடத்திவந்தார். சமையலறை வேலையை விட்ட பிறகு நான் அங்கே சேர்ந்தேன். இலக்குப் பலகைகளை வெயிலில் எடுத்து வைப்பது, குத்தி நிற்கும் அம்புகளைப் பிடுங்கி வருவது, கழன்ற இறகை ஒட்டுவது என் வேலை. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஐடி பிள்ளைகள். நர்ஸ் மட்டும் வாராந்திர விடுப்பு நாளில் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க அடுத்தவர் உடம்பைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு நாளில்தான் தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்பார். அதற்காகவே அவ்வளவு தூரம் வருவதாகவும் சொல்வார்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் அவர் அம்புகள் எல்லாம் மஞ்சள் வட்டத்துக்குள் நெருக்கமாக நிற்கும். பிடுங்கும்போது ஒன்றோடொன்று உரசும். பிறகு ஆஸ்பத்திரியில் கனமான நோயாளி ஒருவரைக் கட்டில் மாற்றியபோது வலது தோள் பிடித்துக்கொண்டது. பல மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது பழைய வலு இல்லை. அவருடையது மூன்றாகக் கழற்றுகிற மரவில்: நடுவில் கைப்பிடி, மேலும் கீழும் வளைகிற இரண்டு பட்டைகள். மைதானத்து ஓனர் அந்தப் பட்டைகளைக் கழற்றி, இழுக்க எளிதான இளகிய பட்டைகளைப் பூட்டிக் கொடுத்தார். கைப்பிடி அதேதான். அந்தத் தேக்கு நிறக் கைப்பிடியில் அவர் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் கறுத்திருக்கும். அதைப் பார்க்கிற எவருக்கும் அது பழைய வில்தான். அதுதான் சிஸ்டர், ஓனர், நான் என்று எங்கள் மூன்று பேர் கண்ணையும் மறைத்தது.

அதற்குப் பிறகு அம்புகள் இடப்பக்கமே போயின. எவ்வளவு நிதானமாக எய்தாலும் இடம்தான். ஓனர் நல்ல மனிதர், கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு விரலைச் சொன்னார், முழங்கையைச் சொன்னார், மூச்சைச் சொன்னார். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தார். மாறவில்லை. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"கை போச்சுப்பா. தைக்கிற கிழிசல்னா தைக்கலாம். இது அப்படி இல்ல."

வில்லை விற்றுவிட முடிவு செய்திருந்தார். மைதானத்துக்கு வருகிற ஐடி பையன் ஒருவனுக்கு அந்தக் கைப்பிடியின் மேல் ஆசை. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். இன்று கடைசி என்று சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கு அவர் நாண் ஏற்றினார்.

அன்று எய்த இரண்டாவது அம்பு பலகையைத் தாண்டி இரும்புத் தூணில் உரசிப் போனது. எடுத்து வந்தபோது இறகுகள் பிய்ந்து தொங்கின. ஒட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மிச்சத்தையும் அவரே உரித்துப் போட்டார். "எப்படியும் தப்பாத்தான் போகப்போவுது, அதுக்கு ரெக்கை ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டு அதை எய்தார். அது போன கோணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மற்ற அம்புகள் கொஞ்சம் இடப்பக்கம் போயின என்றால், இது பலகையின் இட ஓரத்தில் போய்ச் சாய்வாகக் குத்தி நின்றது.

ஓனர் தேநீர் டம்ளரோடு வந்தவர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். பட்டையை மாத்தினோம், அம்பை மாத்தவே இல்லையே சிஸ்டர் என்றார்.

அன்றுதான் எனக்கும் அது விளங்கியது. மரவில்லில் அம்பு நேராகக் கிளம்புவதில்லை. கைப்பிடி வழியில் நிற்கிறது. அம்பு அதன் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. நாணை விட்டதும் மீன் நெளிவதுபோல் அம்பு வளைந்து, கைப்பிடியைச் சுற்றி வெளியேறி, அப்புறம்தான் நிமிர்கிறது. வில் தள்ளுகிற பலத்துக்குத் தக்கபடி அது வளைய வேண்டும். விறைப்பு அதிகமானால் வளையாமல் கைப்பிடியில் இடித்து இடப்பக்கம் ஓடும். இளக்கம் அதிகமானால் கூடுதலாக நெளிந்து வலப்பக்கம் போகும். வலது கையால் நாண் இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு. இறகு அந்தத் தப்பைப் பாதி வழியில் திருத்தி மறைத்துவிடும். இறகை உரித்துவிட்டால் அம்பின் குணம் அப்படியே தெரியும்.

இளக்கமான அம்பு ஒன்றை எடுத்து வரும்படி ஓனர் என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார். இறகு ஒட்டாத புதுக் குழாய்கள் ஒரு வாளியில் நிற்கும். ஒவ்வொன்றிலும் நம்பர் இருக்கும். சிஸ்டருடையது ஐந்நூறு. இளக்கம் என்றால் குறைவு, குறைவு என்றால் சின்ன நம்பர் என்று நினைத்து நானூறு போட்டதை எடுத்து, முனையைப் பொருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஸ்டர் எய்தார். அது பலகையிலேயே படவில்லை. இடப்பக்கத்து மண்மேட்டில் போய் விழுந்தது.

ஓனர்கூடக் குழம்பிப்போய் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் நாணைக் கழற்றினார். மேல் பட்டையைத் திருகி எடுத்துத் துணியில் சுற்றினார். நான் மண்மேட்டுக்குப் போய் அம்பை எடுத்து வந்து நீட்டினேன். அதை வாளியில் போட்டுவிடத்தான் கையில் வாங்கினார். வாங்கியவர் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு நம்பரைப் படித்தார்.

"யோவ், இது நானூறு."

ஆமாம், இளக்கமானது என்றேன்.

"உனக்கு ஊசி போடற அன்னைக்கு நம்பரைக் காட்டறேன் இரு. பதினெட்டுன்னா மாடு மாதிரி தடியா இருக்கும். இருபத்திநாலு சின்னப் பிள்ளைக்குப் போடறது. நம்பர் ஏற ஏற மெல்லிசு. இதுவும் அந்த ஜாதிதான் போல. சார், கரெக்டா?"

ஓனர் சிரித்தபடி தலையாட்டினார். கூடுதல் விறைப்பான அம்பு கூடுதலாக இடப்பக்கம் போயிருக்கிறது. அப்படியானால் கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சிஸ்டர் துணியைப் பிரித்து, பட்டையை மறுபடி பூட்டத் தொடங்கினார். விரல்கள் அவசரத்தில் திருகாணியைத் தவறவிட்டன. மண்ணில் விழுந்ததை நான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

எழுநூறு போட்டதை நீளம் குறைக்காமல் அப்படியே எய்தார். கொஞ்சம் வலப்பக்கம் போனது. இதுதான் வேணும் என்றார் ஓனர். நீளமான குழாய் அதிகம் வளையும். நறுக்க நறுக்க விறைக்கும். நறுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் நகத்தின் அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. கார்பன் தூள் மூச்சில் போனால் ஆகாதென்று சிஸ்டர் பையிலிருந்து மாஸ்க் எடுத்து எனக்கும் கட்டிவிட்டார். நான் கட்டரில் வெட்டினேன், முனையைப் பூட்டினேன், அவர் எய்தார். மறுபடி வெட்டினேன். ஒவ்வொரு முறையும் வலமிருந்து நடுவை நோக்கி ஒரு விரல் நகர்ந்தது. அதே குழாயில் இன்னொன்றை அதே நீளத்துக்கு நறுக்கி இறகு ஒட்டினோம். கடைசியில் இறகுள்ளதும் இல்லாததும் அக்கம்பக்கத்தில் குத்தி நின்றன. அவற்றைப் பிடுங்க நான் போகவில்லை. அவரே நடந்துபோய்ப் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

திரும்பி வந்ததும் ஐடி பையனுக்குப் போன் செய்தார். "தம்பி, வில்லு இல்ல. வேற பாத்துக்கோ," என்றார். அவன் ஏதோ கேட்டிருப்பான் போல. "கை நல்லா இருக்குப்பா, அதான்," என்றார்.

பழைய அம்புகளை ஓனர் வாங்கிக்கொண்டார். தூணில் உரசியதை மட்டும் நான் குப்பையில் போடப் போனேன். சிஸ்டர் தடுத்து, என் கையிலேயே அழுத்திக் கொடுத்தார்.

"இது கெட்ட அம்பா? பலமான வில்லுல ஏத்திப் பாரு, கோடு போட்ட மாதிரி போவும். வச்சுக்கோ."

கொஞ்ச நாளில் நான் அந்த மைதானத்தையும் விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன இடத்துக்கெல்லாம் அம்பு கூட வந்தது. அவர் சொன்னதை அன்று அம்பைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

செக்யூரிட்டி வேலையை விட்டுக் கிளம்பிய அன்று சிவாஜிநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெரிந்த தேநீர்க்கடைக்காரரின் மாடியில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். லாரிகளுக்கு அடியில் சக்கரத்தின் மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளைச் சரிசெய்கிற பட்டறை அது. வாசலில் ஒரு லாரி. கல் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை இப்போது மெத்தைக் கம்பெனிக்கு விட்டிருக்கிறார்கள். காலியாகப் போகிற மாதிரி குதிக்கிறதாம், பட்டை கெட்டுவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பட்டையெல்லாம் நல்ல பட்டைதான், லோடுதான் இல்லை, ரெண்டை உருவினால் போதும் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, கடைசியாக எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று விசாரித்தார்.

"அந்த வேலை எனக்குச் சேரல பாய்."

"இது சேருமா?"

"செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். "சரி, பாரு. அந்தப் பக்கம் பிடி."

பையையும் அம்பையும் சுவரோரம் வைத்துவிட்டு சட்டையைக் கழற்றினேன். போல்ட் விட்டுக்கொடுக்க நேரமானது. உருவிய பட்டையைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் குவியலுக்குப் போனேன். பாய் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அங்க போடாத பா. மத்தியானம் கல்லு வண்டி ஒண்ணு வருது, அதுக்கு ஆவும்."

திரும்பி வந்து அதைச் சுவரில் சாத்தினேன், அம்புக்குப் பக்கத்தில். பிறகு அடுத்த பட்டையைப் பிடிக்க லாரிக்கு அடியில் போனேன்.