கொல்லைக் குட்டைக்குக் கட்டிய சுவர்

மஸ்கட்டில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தைப் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு எங்கள் கொல்லைக் குட்டை கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய வீடு எங்களுடையது. தவளையும் ஆமையும் குடியிருக்க, கொக்கு வேளை தவறாமல் வந்து சாப்பிட்டுப் போக, சரிந்த மண்கரையோடு அதுபாட்டுக்குக் கிடந்த குட்டை. தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். சேற்றில் பிள்ளை வழுக்கிவிடுவான், உள்பக்கம் நாலு புறமும் செங்குத்தாகச் சுவர் வைத்துப் பூசிவிடு என்று அடுத்த வீட்டு டெலிபோனில் அப்பா உத்தரவு போட்டார்.

கட்டி முடித்ததும் தெருவே வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அதை நீச்சல் குளம் என்றே சொல்லிவைத்தேன்.

ஒருநாள் காலையில் குட்டையிலிருந்து கீச்கீச்சென்று சத்தம். கீரிக்குட்டி ஒன்று உள்ளே விழுந்து, சுவரைப் பிறாண்டிப் பிறாண்டிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பிடிக்க ஒரு இடமில்லை, வழவழவென்று பூசியிருந்தார்கள். அம்மா கூடையை உள்ளே இறக்கி அதைத் தூக்கிவிட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போனது. அம்மா மட்டும் இடுப்பிலிருந்த தம்பியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகி, கடப்பாரையை எடுத்தார். யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறவர் என்றுதான் அதுவரை அம்மாவை நினைத்திருந்தேன். அடேயப்பா, அந்த அடி!

அத்தை பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணி, உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அண்ணன் வெயில்ல வெந்து அனுப்புன காசு! அடுத்த மாசம் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒரு கீரியாலயே ஏற முடியல. எம்புள்ள எப்படி ஏறுவான்?" என்றார் அம்மா. கடப்பாரை நிற்கவில்லை.

ஒரு பக்கச் சுவர் முழுவதும் விழுந்தது. அந்த இடிபாட்டையே உள்ளே தள்ளி, மேலே களிமண் போட்டு மிதித்து, தண்ணீருக்குள்ளிருந்து கரைவரை சரிவாக ஏற்றினார். மற்ற மூன்று பக்கமும் மூங்கில் படல் கட்டினார். தம்பியின் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைத் தண்ணீரில் இறக்கி, தானே தவழ்ந்து ஏறி வரும்வரை தினமும் பழக்கினார். தவளைகளும் அந்த வழியாகவே போக வர ஆரம்பித்தன. எனக்குத்தான் அப்பா வரும் நாளை நினைத்துப் பயம். வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த கோபத்தை லீவில் வரும் ஒரு மாதத்தில் செலவழிக்கிறவர் அப்பா.

அப்பா வந்தார். நாங்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். புதுப் பந்தை எடுத்துக்கொண்டு தம்பி கொல்லைப்பக்கம் போனதை யாரும் கவனிக்கவில்லை. தொப்பென்று சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவர் அப்பாதான்.

தம்பி முழுக்க நனைந்து, இருமிக்கொண்டே, அம்மா போட்ட சரிவில் நாலு காலில் ஏறி வந்துகொண்டிருந்தான். அப்பா அவனை வாரி எடுத்தார். நிற்கிற சுவர்களைப் பார்த்தார், இடிந்த பக்கத்தைப் பார்த்தார். வெளிநாட்டு பேண்ட்டோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே கட்டச் சொன்னேன்," என்றார். மறுபடியும், "நான்தானே கட்டச் சொன்னேன்."

போச்சு, கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அம்மாவத் திட்டாதீங்கப்பா. சுவத்தத் திரும்பக் கட்டிரலாம்."

அதைக் கேட்டதும் அப்பா தம்பியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதார். பாவம், அந்தச் சுவர் மேல் அப்பாவுக்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.