இடது பக்கத்துச் சீட்

இது நடந்தது. நண்பனின் நண்பனுக்கு அல்ல, எனக்கு. அதுவும் அமாவாசை நடுச்சாமத்தில் அல்ல. வெள்ளவத்தையில், மாலை ஆறே முக்காலுக்கு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தபோது. மரியாதை தெரிந்த பேய் இப்படியொரு நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த நினைப்பு என்னைக் காப்பாற்றவில்லை.

என் அக்காவின் கணவர் சிவானந்தன் அத்தான். லண்டனில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்று, ஏப்ரல் வெயிலிலும் கோட்டுப் போடும் மனிதராகக் கொழும்புக்குத் திரும்பியவர். வந்ததும் அவருக்கு ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் தேவைப்பட்டது. எம்ஜி மிட்ஜெட். இரண்டு பேர்தான் இருக்கலாம். அதிலும் ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். "இது கார் இல்லையடா, பாரம்பரியம்" என்பார் அத்தான். பாரம்பரியத்துக்குக் கூரை ஒழுகியது.

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் என்ற எண்பது வயதுக்காரரிடம் அதை வாங்கினோம். கண் மங்கிவிட்டதால் விற்கிறாராம். காருக்குள் ஓட்டுநர் சீட் மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் வெறும் தகரம். அந்தச் சீட்டை அவர் தன் ஹோலில் ஒரு பலகையில் பூட்டி, யன்னலைப் பார்த்தபடி வைத்திருந்தார். அதைக் கண்டதும் அத்தான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"மிஸ்டர் ஒஸ்வால்ட், அந்த ஒரிஜினல் சீட்டையும் தாங்கோ."

"அது காரோட சேத்தி இல்லீங்க."

"காரின்ர சீட்தானே?"

"இல்ல. அது வேற ஆளுட."

அதற்கு மேல் கிழவர் பேசவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தான் பேசினார். கடைசியில் இங்கிலாந்திலிருந்து புத்தம் புதிய இரும்புச் சட்டகம் ஒன்று வரவழைப்பது என்று முடிவாயிற்று. ஏனென்றால் சீட் கட்டாயம் வேண்டும். மகள் யதுஷாவுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை கார்த்திகன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகும் கால்மாறல் பயணம் இந்தக் காரில்தான் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கார்த்திகன் ஓட்டுவான். இடது பக்கத்தில் யது.

சட்டகம் வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. உள்வேலை முழுவதும் அத்தான் வீட்டுக் கராஜில். வேலைக்காரன் நான்.

"பத்திரிகையில பகிடிக்கதை எழுதுறவனுக்கு ஒரு உருப்படியான வேலையும் தெரியட்டும்" என்றார் அத்தான், கதிரையில் இருந்தபடி.

சட்டகத்தில் ரப்பர் பட்டிகளை இழுத்துக் கொளுவினேன். மேலே ஸ்பொஞ்ச். அதன் மேல் மருதானையில் தைப்பித்த சிவப்புத் தோலுறை. தரைக்குப் புதுக் கார்ப்பெட் ஒட்டினேன். சீட் இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடும். கீழே உள்ள பிடியை இழுத்துத் தள்ளினால், க்ளக், க்ளக் என்று பல் பல்லாக நகரும்.

யது நல்ல உயரம். "மாமா, எனக்கு முழங்கால் இடிச்சால் நான் ஓட்டோவில போயிடுவன்" என்று முதலே சொல்லியிருந்தாள். அதனால் சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிப் பூட்டினேன்.

மறுநாள் காலை அது முன்னுக்கு வந்திருந்தது. கடைசிப் பல் வரை.

"அத்தான், சீட்டைத் தொட்டனீங்களோ?"

"எனக்கென்ன விசரோ?"

பின்னுக்குத் தள்ளினேன். அடுத்த நாளும் முன்னுக்கு. மிகவும் கட்டையான ஒருவருக்குத்தான் அந்த இடைவெளி போதும். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

பிறகு ஸ்பொஞ்சில் ஒரு பள்ளம். யாரும் இன்னும் இருந்து பார்க்காத சீட். தொட்டேன். தோல் ஈரமாக இருந்தது. கராஜுக்குக் கொங்கிறீட் கூரை. மழை பெய்து பல நாள்.

பிறகு கார்ப்பெட்டில் கடதாசித் துண்டுகள். அரிசியளவு. ரோஸ், மஞ்சள். நனைந்து ஒட்டியிருந்தன.

"உன்ர பத்திரிகைக் குப்பையை என்ர காருக்குள்ள கொட்டாதை" என்றார் அத்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மழை பிடித்தது. கரண்ட் போனது. டாஷ்போர்ட்டுக்குக் கீழே கார்ப்பெட்டின் ஒரு மூலை மட்டும் இன்னும் ஒட்ட வேண்டிக் கிடந்தது. ஓட்டுநர் பக்கத்தில் தலையை உள்ளே விட்டு மல்லாக்கப் படுத்திருந்தேன். கால்கள் கதவுக்கு வெளியே. வாயில் டோர்ச். கரையோர ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் கடந்து போனது. கராஜ் அதிர்ந்து ஓய்ந்தது.

இடது பக்கக் கதவு திறந்து மூடியது.

"யது, அந்தப் பசை டின்னை எடுத்துத் தா பிள்ளை."

புதுத் தோல் முனகியது. ரப்பர் பட்டிகள் இழுபட்டுத் தாழ்ந்தன... நான் கொளுவிய பட்டிகள். எந்தப் பாரத்துக்கு எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும்.

க்ளக்.

க்ளக்.

க்ளக்.

சீட் முன்னுக்கு வந்து நின்றது.

டோர்ச்சைத் திருப்பினேன். நடுவிலுள்ள மேட்டுக்கு அப்பால், புதுக் கார்ப்பெட்டில் இரண்டு சின்னக் குழிகள். குதிக்கால் பதிந்த குழிகள். அவற்றின் மேல்...

கால் இல்லை.

ஒரு ரோஸ் கடதாசித் துண்டு விழுந்தது. பிறகு ஒரு மஞ்சள்.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

என் காதுக்கு மேலே, களைத்த ஒரு பெண் குரல்:

"இன்னும் தூரமா?"

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நெற்றியில் மூன்று தையல். அது சாட்சி.

அத்தானிடம் சொன்னேன். "ஒரிஜினல் கார் எண்டால் கொஞ்சம் கதைக்கும்" என்றார். அவருடன் வாதாடிப் பயனில்லை. ஆனால் நாளைக்கு அந்தச் சீட்டில் இருக்கப்போவது அவரல்ல, யது. விடியுமுன் நானே கராஜுக்குள் போய், நான்கு ஆணிகளையும் கழற்றி, சீட்டை ஓட்டோவில் ஏற்றி என் பல்கனியில் கொண்டுபோய் வைத்தேன். சீட் வழியெல்லாம் உலர்ந்தே இருந்தது. நான்தான் நனைந்திருந்தேன், வியர்வையில்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கால்மாறல் பயணம் ஒரு சாதாரண வாடகைக் காரில். அத்தான் என்னோடு பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று, பொறாமை பிடித்த மச்சான்மாரைப் பற்றி மற்றவர்களோடு பேசினார்.

இரண்டு நாள் கழித்து, கல்யாணப் பலகாரத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. நான் வாய் திறக்கமுன் ஒஸ்வால்ட் கேட்டார்:

"அவ நல்லா இருக்காவா?"

"ஆர்?"

"நீங்க புதுச் சீட் போட்டுட்டீங்கதானே. மூணு வாரமா இங்க வரல்ல." ஹோலில் இருந்த பழைய சீட்டைப் பார்த்தார். அது கடைசிப் பல் வரை முன்னுக்குத் தள்ளியிருந்தது. அருகே சின்ன மேசையில் ஒரு கோப்பைத் தேநீர், ஆடை படிந்து.

அவருடைய மனைவி பெயர் ஐவி. மனைவி என்று சொல்லலாம், ஒரு மணித்தியாலத்துக்கு. கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் கல்யாணம். வாசலில் எல்லோரும் வர்ணக் கடதாசித் தூள் எறிந்தார்கள். விருந்து தெஹிவளையில் ஒரு கல்யாண ஹோலில். இந்தக் காரில்தான் புறப்பட்டார்கள். மழை. கூரை ஒழுகிப் பெண் நனைந்துவிட்டாள்.

"கொள்ளுப்பிட்டி தாண்டக்குள்ள கேட்டா, இன்னும் தூரமான்னு. கிட்டத்தான்னு சொன்னேன். அதுக்குப் பொறகும் நான் கதைச்சிட்டேதான் ஓட்டினேன் தம்பி. வெள்ளவத்த, பாலம், எல்லாம் கதைச்சிட்டே. ஹோல் வாசல்ல கதவத் திறந்து கையப் புடிச்சப்பத்தான்..." கையைப் பார்த்துக்கொண்டார். "டொக்டர் சொன்னார், பாதி வழியிலயே இதயம் நின்னுருக்குன்னு."

அப்போது என் போன் அடித்தது. யது. அன்று காலைதான் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இருவரும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, உங்கட சீட்டே பரவாயில்லை. இந்தக் கார்ச் சீட் என்ன செய்தாலும் முன்னுக்கு வருது. முழங்கால் இடிக்குது. இந்த மனிசன் வேற..."

"என்ன செய்யிறான்?"

"நான் வாயே திறக்கேல்ல மாமா. அவிசாவளையில இருந்து, 'கிட்டத்தான், கிட்டத்தான்' எண்டு சொல்லிக்கொண்டு வாறார்."

கார்த்திகனின் குரல் கேட்டது: "நீர்தானே கேட்டனீர்?"

ஒஸ்வால்ட் போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஐவி. வந்திட்டோம். இறங்கு."

ஒரு கதவு திறக்கும் சத்தம். காற்று. யதுவின் அலறல். பிரேக்...

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"யது! யது!"

"...ஒண்டுமில்லை மாமா. கதவு தானாத் திறந்திட்டுது. பெல்ட் போட்டிருந்தபடியால் தப்பினன்." மூச்சு வாங்கினாள். "மாமா... சீட் பின்னுக்குப் போயிட்டுது."

ஒஸ்வால்ட் என்னைப் பார்த்தார். "எந்த இடம்னு கேளுங்க."

கித்துல்கல தாண்டி, என்றாள்.

அவர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "அங்க இருந்து நடந்து வரணுமே" என்றார். "கொடையும் இல்ல."

அன்று முதல் அவர் இரவில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. கொட்டாஞ்சேனையில் அப்படி வேறொரு வீடு இருக்க முடியாது.

நேற்று அத்தான் என் பல்கனிக்கு வந்து, சீட்டைத் தூக்கிக்கொண்டு போனார். மாலையே காரில் பூட்டிவிட்டார். பாரம்பரியம் அல்லவா. இன்று காலை அவர் எழும்புமுன் கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன்.

சீட் முன்னுக்கு வந்திருந்தது. கடைசிப் பல் வரை. தோல் நனைந்திருந்தது. கார்ப்பெட்டில் இரண்டு குழிகள். இம்முறை அவற்றில் சேறு.

வாசலுக்கு வருமுன் போன் அடித்தது. ஒஸ்வால்ட்.

"தம்பி, இன்னும் வரல்ல. ஏதாச்சும் தெரியுமா? இன்னும் தூரமா?"

கார் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. தோல் மெல்ல முனகியது.

"கிட்டத்தான்" என்றேன்.