மாமா போட்ட பாஸ்

என் மாமா ரெஃப்ரி பரீட்சையில் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். வேண்டுதல் பலிக்கவில்லை. இன்று அதை நினைத்தாலும் அப்பாடா என்று இருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் புதுப்பட்டினத்தில் பாஸ்கெட்பால் ஆடிப் பழகி, சென்னையில் ஒரு பெரிய கம்பெனி அணியில் சேர்ந்தவர். ஆடுவதற்கே சம்பளம். எங்கள் தெருவில் மற்றவர்களெல்லாம் வேலை செய்து களைத்து வருவார்கள். மாமா விளையாடிக் களைத்து வருவார், அவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். இதைவிடப் பெரிய சாமர்த்தியம் இருப்பதாக அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி நான் அளந்ததில் பாதி உண்மை, மீதி என் கைச்சரக்கு.

ஒரு ஆட்டத்தில் எம்பிக் குதித்து இறங்கும்போது அவருடைய முட்டி திருகிக்கொண்டது. ஆபரேஷன் ஆயிற்று. ஓடலாம், ஆனால் குதித்துத் திரும்பி ஆடினால் காலம் பூராவும் ஊன்றுகோல்தான் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமா பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாமல் ஆடப் போனார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்க, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதும் படுத்துக்கொண்டே, "சரியாப் பூடும்கா, அடுத்த மாசம் எறங்கிடுவேன்" என்றார் அம்மாவிடம். கம்பெனி அவரை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். மாமாவை ரெஃப்ரி ஆக்கிவிடுவது என்பது அவளுடைய யோசனைதான். "கோர்ட்டுக்குள்ளவே இருக்கலாம், ஆடத் தேவையில்ல" என்று சொல்லிச் சொல்லியே கரைத்துவிட்டாள். எழுத்துப் பரீட்சை தேறியாயிற்று. இனி ஒரு நிஜ ஆட்டத்தில் விசில் ஊதிக் காட்ட வேண்டும். "இதுல மட்டும் தேறலன்னா மறுபடியும் ஆடத்தான் போவாரு அண்ணி" என்று அத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மாவிடம் அழுததைக் கேட்டேன். எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. அன்றைக்கே ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மாமா எங்கள் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுத்தார். பீரோ கண்ணாடி முன்னால் நின்று கையைச் சுழற்றுவார், இடுப்பில் வைப்பார், முஷ்டியை மடக்கி மேலே தூக்குவார். விசில் சத்தத்தில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு லைசென்ஸைத் தேடினார். "இன்னா மச்சான், வூட்டுக்குள்ள டிராஃபிக் ஜாஸ்தியாப் பூட்சா?" என்று அப்பா கேட்டார். யார் கேலி செய்தாலும் மாமா சிரிக்கவில்லை. ஆடிய நாளில் அவர் அப்படி இல்லை.

பரீட்சை நாள் வந்தது. மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு சிமெண்டுக் கோர்ட். காற்று மணலை வாரி வந்து கொட்டும், ஆட்டம் நிற்கும்போதெல்லாம் இரண்டு பேர் விளக்குமாற்றோடு ஓடிவந்து பெருக்குவார்கள். பரீட்சை எடுக்க வந்த பெரியவருக்கு ஒரு வழக்கம் உண்டாம். புது ஆளை அவனுடைய சொந்த ஊர் ஆடும் ஆட்டத்தில்தான் இறக்கிவிடுவார். சொந்த ஊருக்கு எதிராக விசில் ஊதக் கை நடுங்குகிறதா என்று பார்ப்பாராம். அதனால் அன்று புதுப்பட்டினத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் ஆட்டம். கடப்பாக்கத்துக்கு நீலப் பனியன், எங்கள் ஊருக்கு மஞ்சள் பனியன், சின்ன வயதில் மாமாவும் போட்டு ஆடிய அதே மஞ்சள்.

மாமா நன்றாகவே ஊதினார். மஞ்சள், நீலம் என்று பார்க்கவில்லை. எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது. அத்தை கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும், எங்கள் ஊர் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடப்பாக்கத்துப் பையன் கையிலிருந்து பந்து நழுவித் துள்ளி, ஓரத்தில் நின்ற மாமாவிடம் வந்தது. அவர் ஒதுங்கியிருக்க வேண்டும். பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா? ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம், கூடைக்குக் கீழே ஓடிய மஞ்சள் பனியனுக்கு அழகாக ஒரு பாஸ் போட்டார். அந்தப் பையனும் யார் கொடுத்தது என்று பார்க்காமல் கூடையில் போட்டுவிட்டான்.



"ரெஃப்ரி பாஸ் போட்றான்யா! ஆறு பேரு ஆட்றானுங்கோ!" என்று கடப்பாக்கத்துக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டினேன். மாமாவுக்கு ஆட்டம் மறக்கவில்லை, மறுபடியும் ஆடப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விசிலை ஊதினார். இரண்டு கைகளையும் குறுக்கே வீசி, அந்தக் கூடை செல்லாது என்று காட்டினார். கணக்கு மேஜைக்குப் போய், "என் தப்புதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பந்தைக் கடப்பாக்கத்திடம் கொடுத்தார். இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் முறை. "நம்மூரு ஆளுன்னு பாத்தா, நமக்கே ஆப்பு வச்சிக்கினு கீறான்!" என்று பின்னால் ஒருவர் செருப்பைக் கழற்றினார். அப்பா அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார். புதுப்பட்டினம் அந்த ஒரு புள்ளியில் தோற்றது.

பெரியவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்த மாமா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாஸ் நல்லாதான் கீது, இனிமே போடாதன்னாரு. தேறிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முட்டி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

வண்டியில் வீடு திரும்பும்போது நான் விடவில்லை. "மாமா, அந்தப் பாஸு சூப்பரு. எப்ப மறுபடி ஆடப் போறீங்க?" என்று கேட்டேன்.

மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார். "இனிமே ஆடமாட்டேன் கண்ணு. அதான் கடைசி" என்றார். கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை, பசிக்கவில்லை என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

அம்மா "ஸ்தோத்திரம்" என்றாள். அப்பா வண்டியை ஓரங்கட்டி, எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கப் போனார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். இனிமேல் ஆடமாட்டேன் என்று ஒருவர் சொல்கிறார், இவர்கள் சோடா குடிக்கிறார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. நானும் ஓவென்று அழுதேன்.

அத்தை என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "எம் புள்ளைக்கு எவ்ளோ சந்தோஷம் பாரு" என்று சொல்லி என் கண்ணைத் துடைத்தாள். நான் இன்னும் பலமாக அழுதேன்.