அண்டாவைத் திறந்த சங்கரலிங்கம்

சங்கரலிங்கம் காலமானார் என்று பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து சொன்னபோது நான் வெண்பா நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குமேல் பாடம் ஓடவில்லை. தென்காசியில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்களுக்கும், எங்களோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் மறைத்தது.

அப்போது யுத்த காலம். கீழப்பாவூரில் என் அண்ணனை இழந்த மதினிக்கு இருந்தது ஒரே வயல். விதைக்கு அரை மூட்டை நெல். வேறு விதை எங்கே கேட்டாலும் கிடையாது. ஊறவைத்த நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு முளைக்கவைப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் குற்றாலச் சாரல் எங்கள் ஊர்வரை விடாமல் அடித்தது. குளிரில் முளை வராது என்று நானே முடிவுகட்டி, நெல்லைப் பித்தளை அண்டாவில் கொட்டி மூடி, விளிம்பில் களிமண்ணும் பூசிவிட்டேன்.

"இப்படி அடைக்காதீய தம்பி" என்றாள் மதினி. தமிழ்ப் பண்டிதனாயிற்றே, கேட்பேனா?

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வந்த சங்கரலிங்கம் அண்டாவில் கைவைத்தார், சுட்டது. மூடியைப் பெயர்த்ததும் கள் வாடை அடித்தது.

"நெல்லு மூச்சுமுட்டிக் கெடக்குவே" என்றார். "நாம தின்ன சோத்த உடம்புல ஒவ்வொரு உயிரணுவும் மெல்ல எரிச்சித்தான் பெலன் எடுக்கு. அதுக்குக் காத்து வேணும். விதையும் அப்படித்தான், உள்ள இருக்க மாவ எரிக்கி. காத்த அடைச்சா கொஞ்சம் பெலன்தான் கிடைக்கும், மிச்சம் சாராயமாப் போவும்."

மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

"சும்மா இரும்வே, எல்லாம் சாகல."

வேட்டியை மடித்துக் கட்டினார். நெல்லை அலசிப் பாயில் பரப்பி, பொழுது சாயும்வரை கையால் கிளறிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமைக்கும் லீவு எழுதிவிட்டார். பாதி நெல் முளைத்தது. பாதி வயலாவது விளைந்து, மதினி அந்த வருஷம் கஞ்சி குடித்தது அவரால்தான்.

விதை சொத்தை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மதினி வாய் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வருஷம் தவறாமல், சுவாசப் பாடம் வரும்போது என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"வாரும்வே, பயலுவகிட்ட நீரே சொல்லும். நான் சொன்னா பாடம். நீரு சொன்னா மறக்க மாட்டானுவ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உம்ம சோலியப் பாத்துட்டுப் போம்" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த வருஷமும் வருவார்.

இனி வரமாட்டார். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த விடாப்பிடியைத்தான். தலைமையாசிரியரிடம் கேட்டு நாளைய விஞ்ஞான வகுப்பை வாங்கிவிட்டேன். பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும். விதை சொத்தை இல்லை, அதன் மூச்சை அடைத்தவன் நான் என்று அவர் நின்ற இடத்தில் நின்று சொல்லப்போகிறேன்.