மூன்று பெல் அடித்தால் ஆள் ஏறலாம்

பக்கத்து வீட்டுக்காரியின் சைக்கிளை என் வீட்டுக்காரர் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணி என் புடவை.

கிழிந்த புடவைதான். நானே மூட்டை கட்டிப் பரணில் போட்டதுதான். ஆனாலும் ஊதாவில் வெள்ளைப் புள்ளி வைத்த அந்தப் புடவை உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகியிருந்தது. அது இன்னொருத்தியின் செயின் அழுக்கில் கருப்பாவதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு எரிந்தது.

கோரமண்டலில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் வயதான தாயோடு அடுத்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். என் மகள் வயசு. பெங்களூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை. விடியும்போதே சைக்கிளில் இறக்கத்தில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போவாள், சைக்கிளை அங்கே விட்டுவிட்டு ரயிலேறுவாள். இருட்டின பிறகு வருவாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. தட்டை வாங்கிக்கொண்டேன், தலையை ஆட்டினேன், உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் அவள் செயின் கழன்றது. இவர் போய் மாட்டிவிட்டார். செயினோடு விட்டிருக்கலாம். "இன்னாம்மா, ஃப்ரீவீலெல்லாம் மண்ணு அப்பிக்கினு கீது, ஞாயித்துக்கெழம கொண்டாந்து நிறுத்து" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அதைத்தான் அவர் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே மைன்ஸ் என்கிற தங்கச் சுரங்கம் நடந்தபோது அவருக்கு, கீழே குழி இறங்குகிற ஷாஃப்டின் வாயில் நின்று கேஜுக்கு பெல் அடிக்கிற வேலை. கேஜ் என்பது ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அதன் கயிற்றிலோ பிரேக்கிலோ யாராவது கை வைத்து வேலை பார்த்திருந்தால், முதல் நடை அது காலியாகத்தான் போய்வர வேண்டும். நல்லபடியாக வந்து நின்ற பிறகுதான் மூன்று பெல். மூன்று பெல் அடித்தால் ஆள் ஏறுகிறது என்று கேஜை இறக்கி ஏற்றுகிற இஞ்சின்காரருக்கு அர்த்தம்.

மைன்ஸை மூடினார்கள், இவர் அந்தச் சட்டத்தை மூடவில்லை. சைக்கிளுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டீசலில் நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றுவார். பிறகு காய்ந்த துணி. பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, வழிகிறதைத் துடைப்பார். டயரைச் சுற்றிலும் தடவி முள், கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பார்ப்பார். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டுவார். லூசாக இருக்கிற கம்பி மட்டும் பொத்தென்று சத்தம் போடும். நட்டுகளை முடுக்கி, ஹேண்டிலை ஆட்டி, கடைசியில் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். எல்லாம் ஆனதும் தனியாக இறக்கத்தில் ஒரு நடை போய் வருவார். அதுதான் காலி நடை. வந்து வாசலில் நின்று பெல்லை மூன்று தரம் அடிப்பார். நான் பையை எடுத்துக்கொண்டு கேரியரில் ஏறுவேன். ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவோம். மேடு வந்தால் இறங்கி நடப்போம், இறக்கம் வந்தால் மறுபடி ஏறிக்கொள்வேன். வழியில் இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். ஒரு கையால் சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு வாரத்தில் அது போதும்.

அவள் சைக்கிள் வந்த பிறகு அது நின்றுபோனது.

"மார்க்கெட்டுக்குப் போவலியா?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு வாரம் ஆட்டோல போயேம்மே. அந்தப் பொண்ணு வண்டி பிரேக்கு சரியில்ல."

இந்த ஒரு வாரம் எல்லா வாரமும் ஆனது. ஷேர் ஆட்டோவில் யார் யாரோ முழங்கையால் இடிக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தேன். திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே குந்திக்கொண்டிருப்பார். கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்றுகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

துடைக்கிறதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வீட்டில் "சோறு போடு", "கதவச் சாத்து" என்பதற்கு மேல் பேசாத மனுஷன்.

"கட்ட வெரலு வெச்சி அமுக்கிப் பாரும்மா. கல்லு மாரி இருக்கணும். மெத்துனு இருந்தா காத்து பத்தல."

"இப்ப சரியா அங்கிள்?"

"ஆங், அப்டித்தான். எங்க கீச்சு கீச்சுனு சத்தம் வருதோ அங்க ஒரு சொட்டு எண்ணெய் உட்டுக்கணும். சைக்கிளு வாய் தொறந்து கேக்குதுனு வெச்சிக்கோ."

சைக்கிள் வாய் திறந்து கேட்பதெல்லாம் இவருக்குக் கேட்கிறது. நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டியது கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் எதிர் வரிசைக்காரி விடவில்லை. "இன்னாக்கா, ஒங்க வீட்டுக்காரரு சைக்கிள் கட வெச்சிக்கீறாராமே? கஸ்டமரு ஒருத்திதானாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது மாதிரி வாயை வைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கினேன்.

அன்று சாப்பாடு போடும்போது கேட்டே விட்டேன். "அப்டி இன்னாங்க அந்த சைக்கிள்ல?"

"ரெண்டாங்கை வண்டிம்மே. தெனம் இறக்கத்துல போவுது பொண்ணு. கீழ ரயில்வே கேட்டு சாத்திக்கினு கீதுன்னா? பிரேக்கு நிக்க வேணாமா?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. ஒரு திங்கட்கிழமை விடியலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பெல் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குத்தானோ என்று எழுந்தே விட்டேன். திரையை விலக்கினால், அவள் சைக்கிளில் காலி நடை போய்வந்து, அவள் பெல்லை அடித்து, "ஏறும்மா" என்று அவள் கையில் கொடுக்கிறார். மீதிக் காப்பியைக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் கிளம்பும்போது தானே மூன்று தரம் அடித்துவிட்டு ஏறுவாள். என் ஜன்னலுக்கு நேராக!

மழை பிடித்துக்கொண்ட மாதம். நாலு நாள் விடாத தூறல். ஈரத்தில் அவள் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஸ்டேஷனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவள் அம்மாவிடம் அவள் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. கத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. இவர் பால் வாங்கப் போயிருந்தார். நான் வழக்கம்போல ஜன்னலில். அவள் அவசரமாக வந்து சைக்கிளைச் சாய்த்தாள். தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். பின்சக்கரத்து பிரேக் கட்டையில் ஒரு பக்கம் விட்டாள், இன்னொரு பக்கம் விட்டாள். முன்சக்கரத்துக்கும் விட்டாள். வழிந்த எண்ணெயைத் துணியால் ரிம் முழுக்கத் தேய்த்தாள். ரிம் பளபளவென்று மின்னியது. பெல்லை மூன்று தரம் அடித்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்புகூடப் போடவில்லை. அவள் ஏறி ஒரு மிதி மிதிப்பதற்குள் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ, இன்னா ஆன்ட்டி! உடுங்க, ட்ரெயின் போய்டும்!"

"போவட்டும்."

அவளோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் பயந்து இறங்கினாள். எனக்கு மூச்சு வாங்கியது. ரிம்மைக் காட்டினேன். "எண்ணெய்."

"ஆமா ஆன்ட்டி. சத்தம் வர்ற எடத்துல ஒரு சொட்டு உடணும்னு அங்கிள்தான் சொன்னாரு."

"ஒங்க அங்கிள் பாதிதான் சொல்லிக்கீறாரு. செயினுக்கு உடலாம். சக்கரத்து நடுவுல உடலாம். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் மட்டும் எண்ணெய் காட்டவே கூடாது. பிடிச்சிப் பாரு."

அவள் பிரேக்கைப் பிடித்தாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். சக்கரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு உருண்டது. கெட்டியாக அழுத்திப் பிடித்தாள். அப்போதும் உருண்டது. இறக்கத்தையும் கீழே கேட்டையும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பிழைத்தாளே என்றும்தான். ஆனால் அதற்கு முன்னால் வந்த சந்தோஷம் வேறு. அத்தனை ஞாயிற்றுக்கிழமை குந்திப் பேசியும் அவளுக்குச் சொல்லாத ஒன்றை அவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

சோப்புத் தூள் கரைத்த வெந்நீர் கொண்டுவந்தேன். தேங்காய் நாரால் ரிம்மை நான் தேய்த்தேன், அவள் துடைத்தாள். பிரேக் கட்டை எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது. இவர் பால் பாக்கெட்டோடு வந்தார். ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். உள்ளே போய்த் தன் டப்பாவிலிருந்து புதுக் கட்டைகளை எடுத்துவந்து மாட்டினார். காலி நடை போய்வந்தார். அதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்குக் கிளம்பும்போது அவள், "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஞாயித்துக்கெழம நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள்.

அவள் போன பிறகு இவர் தலையைச் சொறிந்தார். "அத நான் சொல்லலியா அதுக்கு?"

"இல்ல. எனக்குத்தான் சொன்னீங்க."

"எப்போ?"

"கல்யாணமான புதுசுல. மைசூர் மைன்ஸ் மேட்டுல நிறுத்தி."

அவருக்கு ஞாபகம் இல்லை. கொஞ்சம் வலித்தது. விட்டுவிட்டேன். "ஞாயித்துக்கெழம மொதல்ல நம்ம வண்டி. அப்பறந்தான் அடுத்த வண்டி" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி நான் சொல்லிக் கேட்டதில்லை அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். இவர் அதற்கு முன்பே துணியும் கையுமாக எழுந்து நின்றிருந்தார். நான் துணியை வாங்கிக்கொண்டேன். பேச்சு அதிகம் வராது எனக்கு. அவள் கையைப் பிடித்துக் கையாலேயே காட்டினேன். டயரை அமுக்கினோம், கம்பிகளைச் சுண்டினோம், ஒரு கம்பி பொத்தென்றதும் இரண்டு பேரும் சிரித்தோம். இவர் கதவோரம் நின்று இருமினார். "அந்த நட்ட முடுக்குனியா?" என்றார். "முடுக்கியாச்சி" என்றேன். "பெடலு?" "பாத்தாச்சி." பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். திரை அசைந்தது.

எனக்கு அந்த இடம் தெரியும். அங்கே நின்றால் எப்படி எரியும் என்றும் தெரியும். எரியட்டும் என்று நிதானமாகவே துடைத்தேன்.

அவள் போனதும் எங்கள் சைக்கிளை எடுத்து அவர் துடைத்த துடைப்பு இருக்கிறதே, பெயிண்டே வந்துவிடும் போலிருந்தது. காலி நடை போய்வந்தார். மூன்று பெல் அடித்தார். பையோடு ஏறினேன். இறக்கத்தில் பிரேக் கீச்சென்றது.

"எண்ணெய் உடட்டுமா?" என்றார் திரும்பாமல்.

"ரோட்டப் பாத்துப் போங்க."

அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பெல்லை அவளிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. அவளை நிறுத்தச் சொல்லுங்கள் என்று இவரிடம் சொன்னால், "அது சேப்டி ரூல்மே, எல்லாருக்கும் பொது" என்கிறார். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிகிற நேரத்தில் என் ஜன்னலுக்கு நேராக அது ஒலிக்கும்போது காப்பி டம்ளரை நங்கென்றுதான் கீழே வைக்கிறேன்.