என் ஜடையும் கடல்பொண்ணின் காலடியும்

தெருவே அவள் பிழைத்து எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, அவள் அப்படியே கல்லாகக் கிடக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். டிவி தொடரில் வருகிற ஒருத்தி மேல் இவ்வளவு வன்மமா என்று கேட்காதீர்கள். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்கள் தீச்சட்டியே எடுத்திருப்பீர்கள்.

எனக்குக் கல்யாணமாகி முதல் வருஷம் அது, இரண்டாயிரத்து ஒன்பது. பிறந்தது சிதம்பரம், வாக்கப்பட்டது கடலூர். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் மாமியார் வீடு. மாமனாருக்குக் காது மந்தம், டிவியைப் பார்த்துக்கொண்டே தூங்குவார். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிதம்பரம் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையை விடமாட்டேன் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். ஆகவே தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வருவேன்.

என் மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அந்தத் தொடரைத் தவிர. கடலுக்கடியிலிருந்து கரைக்கு வந்து ராஜகுமாரனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. அவளைத் தீர்த்துக்கட்ட அலைகிற ஒரு மந்திரவாதியும் உண்டு. எங்கள் தெருவில் அவளுக்குக் கடல்பொண்ணு என்று பெயர். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டதால் அவரவர் வீட்டில் பார்ப்பார்கள். விளம்பரம் போட்டதும் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். "பாத்தியா, வெசத்த வெச்சிட்டான் சோத்துல!" என்று ஒரு வாசலிலிருந்து சத்தம் வரும். "துன்னமாட்டா, அவளுக்குத் தெரியும்!" என்று இன்னொரு வாசல் பதில் சொல்லும். விளம்பரம் முடிந்தால் தெருவில் ஈ காக்கா இருக்காது.

பார்க்கிறவர்கள் கடல்காரப் பொம்பளைகள் என்பதால் அந்த டைரக்டர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ராஜகுமாரன் வலை வீசினால் என் மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். "வலையாடா வீசுற? போர்வை ஒதர்ற மாதிரி ஒதர்றான் பாரு!" ஆனால் கடல்பொண்ணு மேல் மட்டும் ஒரு சொல் பொறுக்கமாட்டார். பெற்ற மகள் இல்லாத வீடு அது. அவள் அழுதால் இவர் அழுவார், அவள் சாப்பிடாவிட்டால் இவர் தட்டைத் தள்ளி வைப்பார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் தெருவே இழவு வீடு மாதிரி இருந்தது. மந்திரவாதி கடல்பொண்ணைக் கல்லாக்கிக் கடலுக்கடியில் தள்ளிவிட்டானாம். எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சிந்தியபடி, அவள் கல்லிலிருந்து எழுந்து வந்தால் அம்மனுக்குத் தன் சேவலை விடுவதாக வேண்டிக்கொண்டாராம். இன்னொருத்தி பொங்கல் வைப்பதாக. என் மாமியார் என்ன வேண்டிக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் என் பின்பக்கத்தையே பார்த்தார்கள்.

என் பின்பக்கத்தில் இருந்தது என் ஜடை. இடுப்புக்குக் கீழே வரைக்கும் தொங்கும், கைக்கு அடங்காது. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், சிதம்பரத்தில் நாலு வீதியிலும் அப்படி ஒரு ஜடை கிடையாது.

"அத்தை, என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வாயில வந்துடுச்சிடி" என்றார் மெதுவாக. "அவ எழுந்து வந்தா என் மருமவளுக்கு மொட்டை போடுறேன்னு சொல்லிட்டேன்."

"எனக்கா? உங்க வேண்டுதலுக்கு உங்க முடியைக் குடுக்க வேண்டியதுதானே?"

"என் முடி இன்னாடி முடி, எலி வாலு மாதிரி! ஆத்தாவுக்குக் குடுக்கறத நல்லதா குடுக்க வாணாமா? இந்த வீட்ல உன் முடிய வுட்டா வேற இன்னா இருக்குது?"

வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டேன். "முடிதானே, மொளைச்சிடும்" என்றார் மனுஷன். எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்படின்னா உங்க மீசையையும் சேத்துக் குடுங்க, அதுவும் மொளைச்சிடும்" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார். ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் அக்கா மொட்டைத் தலையோடு ஆல்பத்தில் நிற்பதை நினைத்தாலே எனக்கு அழுகையாக வந்தது. அன்றிலிருந்துதான் நான் அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்க்க ஆரம்பித்தேன், மந்திரவாதி கட்சியில்.

இதற்கு நடுவில் கடையில் வேறு கூத்து. கடல் பச்சையில் வெள்ளி அலை மாதிரி பார்டர் போட்ட ஒரு சேலைக்கு எவரோ கடல்பொண்ணு சேலை என்று பெயர் வைத்துவிட, அது பறந்தது. எங்கள் முதலாளி ஆடித் தள்ளுபடிக்காக அதையே மூட்டை மூட்டையாக இறக்கி வைத்தார்.

ஆடி பிறந்ததும் தொடர் முடியப்போகிறது என்று அறிவித்தார்கள். கடைசி நாள் மாமனார் வழக்கம்போல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் மாமியாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மந்திரவாதி செத்தான். கடலுக்கடியில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே யாரும் இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது, கரை மணலில் ஒரு ஈரக் காலடி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஆளைக் காட்டவில்லை, காலடி மட்டும் ராஜகுமாரன் வீட்டு வாசல் வரை வந்தது. கதவு தானாகத் திறந்தது. முற்றும் என்று போட்டுவிட்டார்கள்.

"வந்துட்டாடி! என் ராசாத்தி வந்துட்டாடி!" என்று மாமியார் எழுந்து குதித்தார். டிவிக்குக் கையால் திருஷ்டி கழித்து நெற்றிப்பொட்டில் விரலை மடக்கி நெட்டி முறித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதே வேகத்தில் என் பக்கம் திரும்பினார். நான் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெளியே ஒரே ரகளை. அது அவள்தான், இல்லை அவள் ஆவி, இல்லை ராஜகுமாரன் கண்ட கனவு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "செத்துட்டான்னா செத்துட்டான்னு காட்டு, வந்துட்டான்னா மூஞ்சக் காட்டு. காலக் காட்டி ஏமாத்துறானுவ" என்று ஒருத்தி டைரக்டரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். நான் வாசலில் நின்று, "ஆவிதான்க்கா, செத்துட்டா பாவம்" என்று உச்சுக் கொட்டினேன்.

மறுநாள் பஸ்ஸிலும் அதே பேச்சுதான். குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனி நாற்றம் தாண்டும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஒரு டீச்சரம்மா ராத்திரி சாப்பிடவே இல்லையாம். ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டது: "ஏங்க, பேய்க்குத்தான் காலே கெடையாதே. காலடி பதிஞ்சிருக்குன்னா அது எப்படிங்க ஆவியாவும்?"

கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "ஆமா இல்ல" என்றார். நான் ஜடையைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்துகொண்டேன்.

கடைக்குப் போனால் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காலையிலேயே இரண்டு பேர் கடல்பொண்ணு சேலையை மாற்றிக் கொடுக்கச் சொல்லி வந்துவிட்டார்களாம். செத்தவள் சேலையை ஆடி மாசத்தில் எவள் கட்டுவாள் என்று கேட்டார்களாம். "ஏம்மா, நீ கடலூரு. கடல் சமாச்சாரம் உனக்குத் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க. அவ சாவலன்னு சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். ஜோடிக்கப்பட்ட கதைக்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரை வந்தது. சம்பளம் கொடுக்கிற மனுஷன், என்ன செய்ய?

ஆகவே எனக்கு இரண்டு ஊரில் இரண்டு வாய் ஆனது. சிதம்பரத்தில் அவள் உயிரோடு இருந்தாள், கடலூரில் செத்துப்போனாள். குடிகாடுதான் எல்லை. ஒன்றை மறைக்கக்கூடாது. சிதம்பரத்து வாய்க்கு நாளுக்கு நாள் ருசி கூடிக்கொண்டே போனது. பில் போடுகிறவள் கவுண்டரை விட்டு எழுந்து வந்து சேலையை விரித்துப் போட்டுக் கதை சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன். முதலாளி டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

அப்படி ஒரு நாள் நாலைந்து பேரை நிற்க வைத்து, "பேய்க்குக் கால் ஏதும்மா? கல்லுக்குள்ள இருந்தவ கடல்ல நீந்திக் கரையேறி, புருசன் வீட்டுக்கு நடந்தே வந்துட்டா! உயிரோடதான் இருக்கா, என் கண்ணு மேல சத்தியம்!" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தால், தூணுக்குப் பக்கத்தில் கைப்பையை இறுக்கிக்கொண்டு நிற்கிறார் எதிர்வீட்டு அக்கா. ஆடித் தள்ளுபடிக்கு வந்திருக்கிறார்.

"இரு, இரு. வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது. மாமியார் அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தார். அக்கா நடுவில் நின்றிருந்தார்.

"தே வந்துட்டா, அவளையே கேளு. கடையில நாலு பேரு மத்தியில உயிரோட இருக்கான்னு சத்தியம் பண்றா, இங்க வந்தா செத்துட்டான்றா. உன் மருமவளே சொன்னப்புறம் இனிமே இன்னா பேச்சு? வர்ற வெள்ளிக்கெழம எல்லாருமா சேந்து செஞ்சிடலாம். நான் சேவல வுடறேன், நீ முடிய எறக்கு. கடலுக்குப் போற புள்ளைய வெச்சிக்கினு ஆத்தாகிட்ட பாக்கி வெக்கலாமா?"

என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலில்தான் இருந்தார். சரி, போயிற்று, ஆல்பத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. "அவ சேலை விக்கறதுக்கு ஆயிரம் சொல்லுவா. நீ நேத்து மீன இன்னைக்கு மீனுன்னு சொல்லி விக்கறதில்லையா?" என்றார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். "அத வுடு. காலடி காலடின்றியே, அந்தக் காலப் பாத்தியா நீ? அது ஆம்பளக் காலு. கட்டவெரலு எம்மாம் பெருசு! படம் புடிக்க வந்தவன் எவனோ நடந்துட்டுப் போயிருக்கான். ஒரு வருசமா அவ நடக்கறதப் பாக்கறேன், அவ காலு எனக்குத் தெரியாதா?"

"கதவு தானா தொறந்துச்சே?"

"கடக்கரையில கதவு தொறக்காம இன்னா பண்ணும்? காத்து ஜாஸ்தி."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப அவ செத்துட்டான்றியா? நீயா சொல்ற?"

அரிவாள்மனையில் மாமியாரின் கை நின்றது. தெருவில் அவளுக்காக அவரைப்போல் அழுதவர்கள் யாரும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவர் குதித்ததைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

"செத்துட்டா" என்றார். "கல்லாப் போனவ கல்லாவே போயிட்டா. எந்த வேண்டுதலும் பலிக்கல. போங்க, போயி ஒலைய வைங்க."

அவரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். அக்காவின் சேவல் அன்றைக்குப் பிழைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் சட்டியை வாங்கிக் கழுவினேன். அத்தை என்று ஒரு தடவை கூப்பிட்டேன். "செதிலு ஒட்டியிருக்குது பாரு, நல்லா ஒரசு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதே நேரத்துக்கு வேறொரு தொடர் வந்தது, பாம்பும் பழிவாங்கலுமாக. பார்த்தார், ஆனால் வாசலுக்கு ஓடவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவை கரை சேரும்போதும் மாமியார் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், முன்பைவிடப் பலமாக.

ஆவணியில் தங்கை கல்யாணத்துக்குச் சிதம்பரம் வந்தோம். முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்து அறையில் மாமியார்தான் எனக்குத் தலை வாரினார். என் அம்மா வாரிவிட வந்தபோதுகூடச் சீப்பைக் கொடுக்கவில்லை. தன் கையால் கட்டிக் கொண்டுவந்த கனகாம்பரத்தை ஜடை நெடுக வைத்துப் பின்னிக்கொண்டே இருந்தவர், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்தார்.

"கடையில சொன்னியாமே."

"என்ன அத்தை?"

"அவளப் பத்தி. கைய ஆட்டி ஆட்டி சொன்னியாமே, எதிர்வூட்டுக்காரி சொன்னா. எனக்கு ஒரு தடவ சொல்லேன்."

சொன்னேன். கல் பிளந்ததிலிருந்து ஆரம்பித்தேன். மணலில் முதல் காலடி, இரண்டாவது காலடி. பின்னுகிற கை மெதுவாகி நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனேன். ருசி ஏறிவிட்டது, கடையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டது. "பேய்க்குக் கால் ஏது அத்தை? வந்துட்டா! புருசன் வீட்டுக்கு நடந்தே வந்துட்டா!" என்று கையை ஆட்டினேன்.

ஈரமாக ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது. உடனே தலையில் ஒரு தட்டும் விழுந்தது.

"மெதுவாச் சொல்லுடி" என்றார். "ஆத்தா காதுல வுழுந்துடப் போவுது."