கல்யாணத் தப்பும் பெரட்டுத் தப்பும்

மடுல்கெல்லத் தோட்டத்தில் காப்பி பழுத்த காலத்தில் எங்களுக்கு விடிவதே தப்புப் பறையின் சத்தத்தில்தான். அது கேட்டதும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். அந்தப் பாழாய்ப்போன சத்தம் கேட்டாலே என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கால்கள் தாமாகக் கிளம்பும்.

என் கல்யாணத்துக்கு விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பெரட்டுக்கு அடிக்கும் அதே தப்புக்காரர் அதே தப்பை ஓங்கி அடித்தார். அவ்வளவுதான்! மணையை விட்டு எழுந்து, மாலையோடு ஓடி, எங்கள் லயத்து வீட்டு வாசலில் கிடந்த காப்பிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை தாலியோடு பின்னாலேயே வந்தார்.

"ஏன் புள்ள, தாலி கட்டிட்டுப் பழம் பறிக்கப் போனா ஆகாதா?"

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். பிடிபட்ட கோழிக்குஞ்சு போலத் துடித்தது. பாவம், அதற்கு என்ன தெரியும்!

"இன்னைக்குக் கங்காணி இல்ல, கல்யாணம்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னேன். மூச்சை நீளமாக விட்டு, மறுபடியும் சொன்னேன். துடிப்பு தணியும்வரை மாப்பிள்ளையும் தாலியை ஏந்தியபடி காத்திருந்தார். பிறகு கூடையை இறக்காமலே கழுத்தை நீட்டினேன்.

மறுநாள் பெரட்டுத் தப்பு ஒலித்தபோது, நெஞ்சு அதைக் கல்யாணத் தப்பு என்றே நினைத்துக் குதித்தது. நான் திருத்தவில்லை. கங்காணி திட்டத் திட்ட, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு களத்தில் நின்றேன்.